மைதானத்தை முடக்கியவர் அமைச்சரவைக்குப் போன கதை

கேள்வி இதுதான்: மாணவப் பருவத்தில் மறியல், ஊர்வலம் என்று தெருவில் நின்ற சிலர் பின்னாளில் அமைச்சராகிறார்கள். இடையில் என்ன நடக்கிறது? தெருவில் கற்றது அமைச்சர் நாற்காலியில் உதவுகிறதா, இல்லை, செருப்பைப் போல வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்களா? யாராவது ஒருவரை எடுத்துக்கொண்டு விளக்க முடியுமா?

நம் ஊர் ஆள் ஒருவரை எடுத்துக்கொண்டால் இரண்டாவது பத்திக்குள் சண்டை வந்துவிடும். 1965 மொழிப் போராட்டத்து மாணவர்களில் யார் யார் என்னவானார்கள் என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஆகவே பிரிட்டனுக்குப் போகிறேன். பீட்டர் ஹெய்ன் என்ற பெயர் இன்றைய தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரியாது. கிரிக்கெட் ரசிகர்களுக்கு அவர் செய்த காரியம் மட்டும் தெரியும்: 1970இல் தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கு வரவிடாமல் செய்தவர். அப்போது அவருக்கு இருபது வயது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அவர் டோனி பிளேரின் அமைச்சரவையில் உட்கார்ந்தார்.

என் பதிலை முன்பே சொல்லிவிடுகிறேன். தெருவில் ஹெய்ன் கற்றது மேடைப் பேச்சும் கோஷமும் மட்டுமில்லை. எதிரில் நிற்கும் பெரிய தேர் எந்த அச்சாணியில் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கக் கற்றார். அமைச்சரான பிறகும் அவர் உருப்படியாகச் செய்த பெரிய காரியம் அந்த வித்தையை வைத்துச் செய்ததுதான். கழற்றி வைத்தவையும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

ஹெய்ன் 1950இல் நைரோபியில் பிறந்தார், வளர்ந்தது பிரிட்டோரியாவில். தந்தை வால்டர் கட்டடக் கலைஞர். தாய் அடிலெய்ன். இருவரும் தென்னாப்பிரிக்க வெள்ளையர்கள், சட்டப்படி இயங்கிய லிபரல் கட்சியில் இருந்தவர்கள். எல்லா இனத்தவருக்கும் இடம் தந்த கட்சி அது, அதுவே அங்கே குற்றத்துக்குப் பக்கத்து வீடு. 1961இல் இருவரையும் வழக்கு எதுவும் போடாமலே இரண்டு வாரம் சிறையில் வைத்தார்கள். 1963இல் தாய்க்கும் அடுத்த ஆண்டு தந்தைக்கும் தடையாணை வந்தது.

தடையாணை என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். ஆணை பெற்றவர் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் சந்திக்கக் கூடாது, கூட்டத்துக்குப் போகக் கூடாது, அவர் சொன்னதைப் பத்திரிகை அச்சிடக் கூடாது. தடை பெற்ற ஒருவர் தடை பெற்ற இன்னொருவரோடு பேசவும் கூடாது. கணவன், மனைவி இருவருமே தடை பெற்றுவிட்டதால், இவர்கள் தங்கள் வீட்டில் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு அரசாங்கம் தனியாக ஒரு விலக்கு எழுதித் தர வேண்டியிருந்தது! அந்த வீட்டில் நான்கு குழந்தைகள், பீட்டர் மூத்தவன்.

1964 ஜூலையில் இவர்களுடைய நண்பர் ஜான் ஹாரிஸ் ஜோகன்னஸ்பர்க் ரயில் நிலையத்தில் வெடிகுண்டு வைத்தார். தொலைபேசியில் எச்சரிக்கை கொடுத்திருந்தும் நிலையத்தைக் காலி செய்யவில்லை. முதியவர் ஒருவர் இறந்தார், சிறுமி ஒருத்தி படுகாயமடைந்தாள். ஹெய்ன் குடும்பத்துக்கு அந்தச் செயலில் உடன்பாடில்லை. ஆனால் ஹாரிஸின் மனைவியையும் கைக்குழந்தையையும் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். 1965 ஏப்ரல் 1 அன்று ஹாரிஸைத் தூக்கிலிட்டார்கள். அன்று காலையே இறுதிச் சடங்கு. அங்கே பேச வேண்டியவர் வால்டர். அவர் வரலாம், வாய் திறக்கக் கூடாது என்பது ஆணை. அதனால் அவருடைய பதினைந்து வயது மகன் எழுந்து நின்று வாசித்தான்.

அரசியலுக்கு வந்த விதத்தைப் பற்றி ஹெய்ன் பின்னாளில் எத்தனையோ பேட்டிகள் கொடுத்திருக்கிறார். எனக்கு இந்த ஒரு காட்சி போதும். தந்தைக்கு வாய்ப்பூட்டு, பேச வேண்டிய இடத்தில் பிள்ளை. நம் ஊரில் இளைஞரணிப் பதவி விசிட்டிங் கார்டோடு சேர்ந்தே வருகிறது. இது வேறு வகை.

வால்டருக்குத் தென்னாப்பிரிக்காவில் வேலை கொடுக்க ஆளில்லாமல் போனது. 1966இல் குடும்பம் கப்பலேறி இங்கிலாந்து வந்து, தென்மேற்கு லண்டனில் பட்னி என்ற பகுதியில் குடியேறியது. பையன் பள்ளி முடித்தான். பிரிட்டனின் லிபரல் கட்சியின் இளைஞர் பிரிவில் சேர்ந்தான். அந்தக் காலத்து இளம் லிபரல்கள் தாய்க் கட்சிக்கே தலைவலி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி கிரிக்கெட். 1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இங்கிலாந்தின் பேசில் டி ஒலிவெய்ரா 158 ஓட்டம் எடுத்தார். கேப்டவுனில் பிறந்தவர், வெள்ளையர் அல்லாதவர் என்பதால் சொந்த நாட்டில் ஆட முடியாமல் இங்கிலாந்து வந்தவர். அடுத்து தென்னாப்பிரிக்கப் பயணம். 158 அடித்தவருக்கு அணியில் இடமில்லை! நாடே சிரித்தது. பிறகு ஒருவர் காயத்தால் விலக, டி ஒலிவெய்ராவைச் சேர்த்தார்கள். உடனே தென்னாப்பிரிக்கப் பிரதமர் போர்ஸ்டர் அந்த அணியை ஏற்க முடியாது என்று அறிவிக்க, பயணம் ரத்தானது. இவ்வளவுக்குப் பிறகும், 1970 கோடையில் தென்னாப்பிரிக்க வெள்ளையர் அணியை இங்கிலாந்துக்கு அழைப்பதில் லார்ட்ஸ் மைதானத்துப் பெரியவர்களுக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

நிறவெறியை எதிர்த்துப் பிரிட்டனில் பத்து ஆண்டுகளாக ஊர்வலம் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். பதாகை பிடித்தார்கள், மனு கொடுத்தார்கள், மைதானத்துக்கு வெளியே நின்றார்கள். உள்ளே ஆட்டம் நடந்தது. ஹெய்னும் நண்பர்களும் கவனித்தது ஒரு சின்ன விஷயம். ஒரு தொழிற்சாலையை நிறுத்த ஆயிரம் பேர் வேண்டும். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை நிறுத்த, ஆடுகளத்தின் நடுவில் போய் உட்காரத் துணிந்த பத்துப் பேர் போதும். இருபத்திரண்டு கஜ மண் துண்டில் நிற்கிறது அந்தச் சாம்ராஜ்யம். ஐந்து நாளும் அதைக் காவல் காக்க வேண்டும், இரவிலும் காக்க வேண்டும்.

முதலில் ஒத்திகை. 1969 கோடையில் ஒரு தனியார் தென்னாப்பிரிக்க அணி சிறு ஊர்களில் ஆட வந்தபோது பிட்ச்சில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். பிரிஸ்டலில் தென்னாப்பிரிக்காவுடன் டேவிஸ் கோப்பை டென்னிஸ் நடந்தபோது கோர்ட்டில் ஓடினார்கள். மாவுப் பொட்டலங்கள் வந்து விழுந்தன. இந்த மாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். (டேவிஸ் கோப்பை என்றதும் நமக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். 1974இல் இறுதிப் போட்டி வரை வந்த இந்திய அணி, எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் ஆடாமல் கோப்பையை விட்டுக்கொடுத்தது. சென்னை அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி அது.)

செப்டம்பரில் '1970 பயணத்தை நிறுத்து' என்ற பெயரிலேயே ஒரு குழு பிறந்தது. பத்தொன்பது வயது ஹெய்ன் தலைவர். பெயரைப் பாருங்கள். 'நிறவெறி ஒழிக' என்று இல்லை; நாள் குறித்த, நிறைவேறியதா இல்லையா என்று எவரும் சொல்லிவிடக்கூடிய ஒரே ஒரு கோரிக்கை. இருபது கோரிக்கையோடு மனு எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கிரிக்கெட் அணி வருவதற்குமுன் தென்னாப்பிரிக்க ரக்பி அணி வந்தது. 1969 நவம்பர் முதல் ஜனவரி இறுதி வரை ஒவ்வொரு ஊரிலும் போராட்டம். ஆக்ஸ்ஃபோர்டில் நடக்க வேண்டிய முதல் ஆட்டத்தைக் கடைசி நேரத்தில் லண்டன் ட்விக்கன்ஹாமுக்கு மாற்றினார்கள். அதில் ஸ்பிரிங்பாக்ஸ் என்ற அந்தப் புகழ்பெற்ற அணி மாணவர்களிடம் 6-3 என்று தோற்றது. ஸ்வான்சீ நகரில் தொண்டர் படை என்ற பெயரில் நின்றவர்கள் மைதானத்தில் இறங்கிய இளைஞர்களை அடித்து நொறுக்கினார்கள். பெல்ஃபாஸ்ட் ஆட்டம் பாதுகாப்புக் காரணத்தால் நடக்கவே இல்லை. வீரர்களின் ஓட்டல் அறைப் பூட்டுத் துவாரங்களில் யாரோ பசையை ஊற்றிவிட்டார்கள். இங்கிலாந்துடன் ஆட வீரர்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தபோது, கோட்டும் டையும் அணிந்த ஒருவர் ஓட்டுநரை ஏதோ சொல்லி இறக்கிவிட்டு, தன்னைச் சங்கிலியால் ஸ்டியரிங்கில் பிணைத்துக்கொண்டு, வீரர்களோடு பஸ்ஸைக் கொஞ்ச தூரம் ஓட்டியும் போனார். நான்கு நாட்டு அணிகளுடன் நடந்த நான்கு சர்வதேச ஆட்டங்களில் ஒன்றில்கூட ஸ்பிரிங்பாக்ஸ் வெல்லவில்லை. இரண்டு தோல்வி, இரண்டு சமன்.

ரக்பி ஆட்டம் எண்பது நிமிடம். அதற்கே இந்தப் பாடு என்றால், ஐந்து நாள் டெஸ்டுக்கு? ஜனவரியில் ஒரே இரவில் நாடு முழுக்கப் பதினான்கு கவுண்டி மைதானங்களில் சுவரெழுத்து எழுதினார்கள். சில இடங்களில் புல்லையும் கெடுத்தார்கள். லார்ட்ஸ் நிர்வாகம் 300 சுருள் முள்கம்பி வாங்கியது. 28 ஆட்டங்களாக இருந்த பயணம் 12 ஆகச் சுருங்கியது. கிரிக்கெட்டின் காசி என்று சொல்லப்படும் மைதானத்தைச் சுற்றி முள்கம்பி. பயணத்துக்கு எதிரான மிகப் பெரிய பிரசாரத்தை லார்ட்ஸ் தன் கையாலேயே செய்துகொண்டது.

அந்த ஜூலையில் எடின்பரோவில் காமன்வெல்த் போட்டிகள் வேறு இருந்தன. தென்னாப்பிரிக்க அணி வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று ஆப்பிரிக்க நாடுகள் கிளம்பின. ஜூன் 18 பொதுத் தேர்தல். உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கல்லாஹன் கிரிக்கெட் வாரியத்தை அழைத்துப் பயணத்தை விலக்கிக்கொள்ளும்படி முறைப்படி கேட்டுக்கொண்டார். மே 22 அன்று ரத்து.

இதில் எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. மறைக்கவில்லை. வராமல் போன அந்த அணி அப்போதுதான் ஆஸ்திரேலியாவை 4-0 என்று துவைத்து அனுப்பியிருந்தது. கிரேம் பொல்லாக், மைக் புரோக்டர், பேரி ரிச்சர்ட்ஸ். ரிச்சர்ட்ஸின் டெஸ்ட் வாழ்க்கை மொத்தமும் அந்த நான்கு ஆட்டங்கள்தான். ஆனால் அதே நாட்டில் பிறந்து, தோலின் நிறத்தால் ஒரே ஒரு டெஸ்டுகூட ஆடாமல் போனவர்களின் பட்டியலை எவரும் எழுதி வைக்கவில்லை என்று நினைத்தால் வருத்தம் கொஞ்சம் வடிகிறது. தென்னாப்பிரிக்கா மறுபடியும் சர்வதேச ஆட்டத்துக்கு இறங்கியது 1991 நவம்பர் 10, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில். இருபத்தொரு ஆண்டுகள்.

வெற்றிக்கு விலை இருந்தது. 1972இல் வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. காலை உணவு மேசையில் பதினான்கு வயதுத் தங்கை அதைப் பிரித்தாள். உள்ளே வெடிகுண்டு. விசையில் இருந்த பழுதினால் அது வெடிக்கவில்லை. அதே ஆண்டு ஒரு வழக்கறிஞர் தனி வழக்காகத் தொடுத்த சதி வழக்கில் ஹெய்ன் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றக் கூண்டில் நின்றார். தனக்காகத் தானே வாதாடினார். நான்கு குற்றச்சாட்டுகளில், பிரிஸ்டல் டென்னிஸ் விவகாரத்தில் மட்டும் குற்றவாளி என்றார்கள். 200 பவுண்டு அபராதம்.

அடுத்தது இன்னும் விசித்திரம். 1975 அக்டோபரில் ஒரு பகல், பட்னியில் ஒரு வங்கிக் கிளையில் காசாளரிடமிருந்து 490 பவுண்டைப் பிடுங்கிக்கொண்டு ஒருவன் ஓடினான். அதே நேரத்தில் ஹெய்ன் தன் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வதற்காக டைப்ரைட்டர் ரிப்பன் வாங்கக் காரில் போயிருந்தார். திருடனைத் துரத்திய பள்ளிச் சிறுவர்கள் ஹெய்னைப் பார்த்து இவர்தான் என்றார்கள். வழக்கு விசாரணை வரை போனது. 1976 ஏப்ரலில் ஜூரி குற்றமற்றவர் என்று விடுவித்தது. தென்னாப்பிரிக்க உளவுத் துறை மாட்டிவிட்ட வேலை இது என்பது ஹெய்னின் நம்பிக்கை. அது நிரூபணமாகவில்லை. நாடறிந்த முகம் என்பது இரு பக்கமும் கூரான கத்தி. அடையாள அணிவகுப்பில் அந்த முகம் தப்ப வழியில்லை.

இப்போது கேள்வியின் முதல் பாதிக்கு வருகிறேன்: இடையில் என்ன நடக்கிறது? ஹெய்ன் விஷயத்தில் சுவாரசியமே இல்லாத பதினான்கு ஆண்டுகள் நடந்தன. 1977இல் லிபரல் கட்சியை விட்டுத் தொழிற்கட்சியில் சேர்ந்தார். கட்சி மாறியவர் என்ற பெயர் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டது. அஞ்சல் ஊழியர் சங்கத்தில் ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்தார். சம்பள ஒப்பந்தம், புள்ளிவிவரம், மாநாட்டுத் தீர்மானத்தில் கமா எங்கே போடுவது என்கிற வேலை. இனவாதக் கட்சியான நேஷனல் ஃபிரன்டை எதிர்த்து நாஜி எதிர்ப்பு லீக் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும் இருந்தார். 1983இலும் 1987இலும் பட்னி தொகுதியில் நின்று தோற்றார். தெருவின் புகழ் வாக்குச் சீட்டாக மாறாது என்பதை இரண்டு முறை செலவு செய்து தெரிந்துகொண்டார்.

பிறகு 1991 ஏப்ரலில் தெற்கு வேல்ஸில் நீத் தொகுதி இடைத்தேர்தல். சுரங்கத் தொழிலாளர் பகுதி, தொழிற்கட்சியின் கோட்டை. அதோடு ரக்பிப் பைத்தியம் பிடித்த ஊர். வேல்ஸின் மிகப் பழைய ரக்பி கிளப் அங்கேதான் இருக்கிறது. 1969இல் இவருடைய தோழர்கள் உதை வாங்கிய ஸ்வான்சீயும் கூப்பிடு தூரத்தில். இருபத்திரண்டு ஆண்டுகளுக்குமுன் தங்கள் ஆட்டத்தைக் கெடுக்க வந்தவருக்கு நீத் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஊர் மன்னித்ததா, மறந்ததா, இல்லை அவர்தான் சரி என்று ஒத்துக்கொண்டதா என்று எனக்குப் பலமுறை தோன்றியதுண்டு. மண்டேலா சிறையிலிருந்து வெளியே வந்து ஓராண்டு ஆகியிருந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காலம் சிலரை அவர்கள் நின்ற இடத்துக்கே வந்து சேர்கிறது.

1997இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் வேல்ஸ் துறையில் கடைநிலை அமைச்சர். வேல்ஸுக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பில் 'வேண்டும்' பக்கத்துப் பிரசாரத்தில் முன்னால் நின்றார். செப்டம்பர் 18 இரவு முழுக்கத் தோல்வி முகம். கடைசியாக முடிவு வந்த கார்மார்தன்ஷயர்தான் காப்பாற்றியது. மொத்த வேல்ஸிலும் வித்தியாசம் 6,721 ஓட்டு. பிறகு வெளியுறவுத் துறை, எரிசக்தி, ஐரோப்பிய விவகாரம் என்று இலாகா இலாகாவாகச் சுற்றினார். 2002 அக்டோபரில்தான் வேல்ஸ் அமைச்சராகக் கேபினட்டுக்குள் நுழைந்தார். நாடாளுமன்றத்தில் கால் வைத்துப் பதினொன்றரை ஆண்டு.

கேபினட் வாசலில் எதைக் கழற்றினார்? 2003 ஜூனில் ஒரு நினைவுச் சொற்பொழிவில் மிகப் பெரிய வருமானக்காரர்களுக்கு வரியைக் கூட்டலாம் என்று பேசத் தயாரானார். பேச்சின் செய்தி முன்கூட்டியே வெளியே வந்ததும் பிளேர் அலுவலகத்திலிருந்து அழுத்தம். அந்தப் பகுதி உரையில் இல்லாமல் போனது. ஈராக் போரை ஆதரித்தார். பழைய தோழர்கள் பலர் அதோடு அவரைக் கைகழுவினார்கள். கூட்டுப் பொறுப்பு என்று அதற்கு விளக்கம் உண்டு. அமைச்சரவை முறை அப்படித்தான். பிடிக்காவிட்டால் ராஜினாமா செய்யலாம். அமைச்சரவையில் இருந்த ராபின் குக் செய்தார். ஹெய்ன் செய்யவில்லை. இதில் அவருக்காக வாதாட எனக்கு மனமில்லை.

மாவுக்கு வருகிறேன். 2003இலிருந்து ஹெய்ன் வேல்ஸ் இலாகாவோடு அவை முன்னவராகவும் இருந்தார். 2004 மே மாதம் பிளேர் கேள்வி நேரத்தில் நின்றுகொண்டிருந்தபோது, பார்வையாளர் மாடத்திலிருந்து ஊதா நிற மாவுப் பொட்டலம் வந்து அவர் முதுகில் விழுந்தது. விவாகரத்தான தந்தையரின் உரிமைக்காகப் போராடிய ஒரு குழுவினர் வீசியது. மாடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு போட்டு அதிக நாள் ஆகவில்லை. வீசியவர்கள் தடுப்புக்கு முன்னால் விருந்தினர் வரிசையில் இருந்தார்கள். செப்டம்பரில் வேட்டைத் தடைச் சட்ட விவாதத்தின்போது ஐந்து இளைஞர்கள் அவைக்கு உள்ளேயே ஓடிவந்துவிட்டார்கள். அவையின் பாதுகாப்புக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் யார்? பிரிஸ்டல் டென்னிஸ் கோர்ட்டில் ஓடியதற்காக 200 பவுண்டு கட்டியவர். பாதுகாப்பைப் பலப்படுத்த வேண்டும் என்று அவர் முகத்தை வைத்துக்கொண்டு பேசியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. ஆனால் ஒரு மைதானத்துக்குள் புகுவது எவ்வளவு எளிது என்று அந்த அமைச்சரவையில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் உண்மை.

2005 மே. வட அயர்லாந்து அமைச்சர். இங்கேதான் பழைய வித்தை முழுசாகப் பயன்பட்டது.

நிலைமை இப்படி இருந்தது. பல்லாண்டு வன்முறையை முடிக்க வந்த 1998 அமைதி ஒப்பந்தப்படி அமைந்த சட்டமன்றம் 2002 அக்டோபரிலிருந்து முடங்கிக் கிடந்தது. லண்டனிலிருந்து நேரடி ஆட்சி. நம் ஊர்க் குடியரசுத் தலைவர் ஆட்சி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 108 உறுப்பினர்கள். சட்டமன்றம் கூடுவதில்லை. சம்பளம் மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பிரிட்டனோடு இருக்க விரும்பும் இயன் பெய்ஸ்லியின் கட்சியும், அயர்லாந்தோடு இணைய விரும்பும் சின் ஃபெயின் கட்சியும் சேர்ந்தால்தான் ஆட்சி. பெய்ஸ்லி, சின் ஃபெயினுடன் ஒரு மேசையில் உட்கார மாட்டேன் என்பதையே நாற்பது ஆண்டு அரசியலாகச் செய்தவர். சின் ஃபெயின் பக்கத்து ஆயுதக் குழுவான ஐரிஷ் குடியரசுப் படை 2005 ஜூலையில் ஆயுதப் போராட்டம் முடிந்தது என்று அறிவித்து, செப்டம்பரில் ஆயுதங்களையும் செயலிழக்கச் செய்துவிட்டது. பெரிய தடை விலகிவிட்டது. ஆனால் ஆட்சியில் அமர அவசரம் மட்டும் எவருக்கும் இல்லை.

ஹெய்ன் அச்சாணியைத் தேடினார். அமைதியாக நடக்கும் நேரடி ஆட்சி அரசியல்வாதிகளுக்குச் சௌகரியம்: பொறுப்பு லண்டனுக்கு, சம்பளம் தங்களுக்கு. அந்தச் சௌகரியத்தில் கை வைத்தார். வீடுகளுக்குத் தண்ணீர்க் கட்டணம் வரப் போகிறது என்றார். வட அயர்லாந்தில் அதுவரை அப்படி ஒரு தனிக் கட்டணமே கிடையாது. பதினொரு வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பள்ளிகளுக்குப் பிரிக்கும் முறை ஒழியும் என்றார். பெய்ஸ்லி கட்சியின் ஆதரவாளர்களுக்கு அந்தத் தேர்வு உயிர். உள்ளாட்சி மன்றங்களை ஏழாகக் குறைப்பேன் என்றார். 2006 நவம்பர் 24க்குள் ஆட்சி அமைக்க ஒத்துக்கொள்ளாவிட்டால் சம்பளமும் படியும் நிற்கும் என்றார். இதெல்லாம் பிடிக்கவில்லையா? நல்லது, நீங்களே ஆட்சிக்கு வந்து மாற்றிக்கொள்ளுங்கள். வீடு வீடாகத் தண்ணீர்ப் பில் பற்றிக் கோபம் கிளம்பியது. அந்தக் கோபம் ஹெய்ன் மீது மட்டுமில்லை, ஆட்சிக்கு வராமல் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க் கட்சிகள் மீதும் போனது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

அழகான முறை என்று சொல்ல மாட்டேன். அங்கே தேர்ந்தெடுக்கப்படாத ஓர் அமைச்சர், தன்னை வாக்களித்து இறக்க முடியாத மக்கள்மேல் கட்டணத்தை ஆயுதமாக வீசினார் என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. வன்முறையில் பாதிக்கப்பட்டோர் நலனுக்கான இடைக்கால ஆணையரை நியமித்ததில் அவர் சட்டத்தை மீறினார் என்று அங்கே உயர் நீதிமன்றமே 2006இல் தீர்ப்பளித்தது. (அந்த நீதிபதியைப் பற்றித் தன் நினைவுக் குறிப்பில் கடுமையாக எழுதப் போய், நீதிபதியை அவதூறு செய்த குற்றம் என்ற தூசு படிந்த சட்டத்தில் 2012இல் ஹெய்ன் மீது வழக்கு வந்தது, பிறகு கைவிடப்பட்டது. ஓராண்டுக்குள் அந்தச் சட்டமே ஒழிந்தது. தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா, அங்கேயும் ஓர் ஆணி கழன்றது.)

2006 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் பேச்சு. பிளேரும் அயர்லாந்துப் பிரதமர் பெர்ட்டி ஆஹர்னும் நடத்தியது, பெருமையில் பெரும்பங்கு அவர்களுக்குத்தான். நவம்பர் 24 கெடு ஒருவிதமாகக் கடந்தது. அன்று முன்னாள் தீவிரவாதி ஒருவர் வெடிப்பொருளோடு சட்டமன்றக் கட்டடத்துக்குள் புக முயன்று, வாசல் சுழல்கதவில் காவலர்களிடம் சிக்கினார். 2007 மார்ச்சில் தேர்தல். மார்ச் 26 புதிய கெடு. அன்று பெய்ஸ்லியும் சின் ஃபெயின் தலைவர் ஜெர்ரி ஆடம்ஸும் முதன்முறையாக ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். அதிலும் ஒரு சிக்கல். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் நண்பர்கள் மாதிரித் தெரியும், பெய்ஸ்லி தரப்புக்கு ஆகாது. எதிரெதிரே உட்கார்ந்தால் பகைவர் மாதிரித் தெரியும், ஆடம்ஸ் தரப்புக்கு ஆகாது. மேசைகளைச் சாய்சதுரமாகப் போட்டு, முனையின் இரு பக்கமும் ஒருவராக உட்கார வைத்தார்கள். பக்கத்திலும்தான், எதிரிலும்தான்! மே 8இல் பெய்ஸ்லி முதல் அமைச்சர், சின் ஃபெயினின் மார்ட்டின் மெக்கின்னஸ் துணை முதல் அமைச்சர். புதிய ஆட்சி வந்த கையோடு தண்ணீர்க் கட்டணத்தை நிறுத்தி வைத்தது.

சரிவு உடனே வந்தது. அந்த ஜூனில் தொழிற்கட்சித் துணைத் தலைவர் பதவிக்கு ஆறு பேர் போட்டியிட்டார்கள். ஹெய்ன் ஐந்தாவது. பிளேருக்குப் பின் பிரதமரான கார்டன் பிரவுன் அவரை வேலைவாய்ப்பு, ஓய்வூதிய அமைச்சராக்கினார். அந்தப் போட்டிக்கு வாங்கிய நன்கொடையில் 103,000 பவுண்டுக்கு மேல் தேர்தல் ஆணையத்துக்குக் காலத்தில் தெரிவிக்கவில்லை என்பதும், ஆய்வு எதையும் வெளியிடாத ஒரு சிந்தனைக் குழுவின் வழியாகப் பணத்தில் ஒரு பகுதி வந்தது என்பதும் அம்பலமாயின. 2008 ஜனவரி 24 அன்று ஆணையம் விவகாரத்தைக் காவல் துறைக்கு அனுப்பியது. அன்றே ராஜினாமா. ஆண்டு முடிவில், கணக்குக்குச் சட்டப்படிப் பொறுப்பாளி அவர் என்று நிறுவ முடியாது என்று வழக்கைக் கைவிட்டார்கள். 2009 ஜூனில் மறுபடியும் வேல்ஸ் அமைச்சர், 2010 தேர்தல் தோல்வி வரை. ஐந்தாம் இடத்துக்கு இவ்வளவு செலவா என்று அப்போதே கேலி செய்தார்கள். எதிராளியின் கட்டமைப்பில் தளர்ந்த ஆணியைத் தூரத்திலிருந்தே பார்க்கக் கூடியவருக்குத் தன் அலுவலகத்து ரசீதுக் கட்டு கண்ணில் படவில்லை.

2015இல் காமன்ஸ் சபையை விட்டு விலகிப் பிரபுக்கள் சபைக்குப் போனார். 2018 அக்டோபரில் ஒரு பெரும் வணிகர் தன்மீதான புகார்களைப் பத்திரிகை வெளியிடாதபடி நீதிமன்றத் தடை வாங்கியிருந்தார். பெயரைச் சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு. நாடாளுமன்றத்துக்குள் பேசியதற்கு வழக்குப் போட முடியாது. ஹெய்ன் பிரபு எழுந்து, சில வரிகளில் பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பல லட்சம் செலவில் வாங்கிய தடை ஒரு நிமிடத்தில் காகிதமானது. நீதிமன்றத்தை மீற உறுப்பினர்களுக்கு என்ன உரிமை என்று சட்ட அறிஞர்கள் கடிந்துகொண்டார்கள், வணிகர் புகார்களை மறுத்தார். எழுபது வயதை நெருங்கிய மனிதர் செய்தது, பத்தொன்பது வயதில் பிட்ச்சில் உட்கார்ந்த அதே வேலைதான்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1969-70இல் ஹெய்னின் குழுவுக்குள்ளேயே காவல் துறையின் இரகசிய அதிகாரி ஒருவர் போராட்டக்காரர் வேடத்தில் இருந்தார். கூட்டத்துக்கு வந்தார், திட்டம் போட்டார், குறிப்பெழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். இது வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆயின. ஹெய்ன் பெயரில் கோப்பு ஒன்று தடித்துக்கொண்டே போனது. அவர் நாடாளுமன்ற உறுப்பினரான பிறகும் கண்காணிப்பு தொடர்ந்தது என்று 2015இல் தெரியவந்தது. வட அயர்லாந்து அமைச்சராக இருந்த இரண்டு ஆண்டுகளில், யார் யாருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்கலாம் என்ற அனுமதிக் காகிதங்கள் அவர் மேசைக்குத்தான் வந்தன. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.